நியூயார்க் வழக்கு ஃபெடரல் கோர்ட்டுக்குப் போய்விட்டது: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். நியூயார்க்கில் சிவில் வழக்கு நடத்திய அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

இயந்திரத்தில் கை சிக்கிய என் அக்காவின் இழப்பீட்டு வழக்கு மாநில நீதிமன்றத்தில் இருந்தது. எதிர்த்தரப்பு வேறு மாநில நிறுவனம், தொகையும் 75,000 டாலருக்கு மேல். அதைக் காட்டி ஃபெடரல் நீதிமன்றத்துக்கு மாற்றிவிட்டார்கள். பொறுப்பு யாருடையது என்பதை இனியும் நியூயார்க் சட்டம்தான் தீர்மானிக்கும். ஆனால் சாட்சிய விதிகளும் நடைமுறையும் ஃபெடரலுடையவை. மாநிலத்தில் ஆறு ஜூரிகளில் ஐந்து பேர் ஒத்துப்போனால் போதும். இங்கே, இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் தவிர, எல்லோரும் ஒருமனதாகச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை எங்கள் நிபுணர் சாட்சியான எஞ்சினியரைப் பற்றித்தான். நியூயார்க் நீதிமன்றங்கள் 1923-இன் ஃப்ரை தீர்ப்புப்படி, அவருடைய முறை அந்தத் துறையில் பொதுவாக ஏற்கப்பட்டதா என்று பார்க்கும். ஃபெடரலில் 1993-இன் டாபர்ட் தீர்ப்பும், நிபுணர் சாட்சியத்துக்கான ஃபெடரல் சாட்சிய விதி 702-உம்தான் அளவுகோல். முறை நம்பகமானதா, இந்த வழக்கில் அதைச் சரியாகப் பயன்படுத்தினாரா என்று நீதிபதியே ஆராய்வார். கையெழுத்திட்ட விரிவான அறிக்கை தர வேண்டும், விசாரணைக்கு முன்பே எதிர்த்தரப்பு வக்கீல் அவரை டெபொசிஷனில் (சத்தியப் பிரமாணத்தின் பேரில் நடக்கும் கேள்வி-பதிலில்) குடையலாம். மாநிலத்தில் பெரும்பாலும் இது கிடையாது.

வக்கீல் இருக்கிறார். ஆனாலும் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்: இயந்திரத்தை நேரில் சோதித்துப் பார்க்காத எஞ்சினியரின் சாட்சியத்தை நீதிபதி ஏற்பாரா? அறிக்கையில் எதை விட்டால் ஆபத்து?