மறு: கியாய் – தமிழில் என்ன சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கராத்தே கையேட்டுச் சொற்பட்டியலில் மற்றதெல்லாம் ஒருவழியாக முடிந்துவிட்டது. அடிக்கும்போது குரலெழுப்பச் சொல்லி மாஸ்டர்கள் ஏவும் ஜப்பானியச் சொல்லான 'கியாய்' மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. நேற்றுவரை வந்தவை: ஆவிக்கூச்சல், போர்முழக்கம், வீரமுழக்கம், ஆர்ப்பு, ஓங்காரம். இவை ஐந்துமே சத்தத்துக்குப் பெயர் சூட்டுகின்றன. கியாய் சத்தத்தின் பெயரே இல்லை என்பது என் கட்சி. அங்கிருந்து தொடங்கினால்தான் நல்ல சொல் கிடைக்கும்.

> ஸ்பிரிட் ஷவுட் என்றுதானே எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது? ஆவிக்கூச்சல் நேர்ச்சொல். ஏன் தயக்கம்?

ஐயா, அது ஆங்கிலக்காரர்கள் தங்கள் வசதிக்கு வைத்துக்கொண்ட விளக்கம். மூலத்தில் இருப்பவை இரண்டே எழுத்து. 'கி' என்பது மூச்சு, உயிராற்றல், மனநிலை எல்லாவற்றையும் தொட்டுச் செல்வது. 'ஆய்' என்பது பொருந்துவது, ஒன்றுசேர்வது. இடம் மாற்றிப் போட்டால் 'ஆய்கி', அதாவது நாம் ஐகிடோ என்று எழுதும் தற்காப்புக்கலைப் பெயரின் முற்பகுதி. குரல், ஒலி, கூச்சல் என்ற பொருள் அந்த எழுத்துகளில் எங்குமே இல்லை. ஜப்பானில் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளையிடம்கூட 'கியாயோடு செய்' என்பார்கள். அவன் வாயைத் திறந்து கத்த வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. மோதலுக்கு முன்பே மனத்தளவில் ஒடுங்கிப்போவதற்குக் 'கியாய்-மகே', கியாயில் தோற்பது, என்று ஒரு சொல் உண்டு.

குரலுக்கு அவர்களிடம் தனிச்சொல்லே இருக்கிறது: ககேகோயே. மூங்கில்வாளால் மோதும் கெண்டோக்காரர் எழுப்பும் குரலும் அதுதான், நோ நாடகத்தில் தாளக் கலைஞர் அடிகளுக்கு நடுவே இழுக்கும் குரலும் அதுதான், கபுகி நாடக அரங்கில் ரசிகர் நடிகரை நோக்கி எழுப்பும் குரலும் அதுதான்.

தவிர, ஆவி என்றால் நம் ஊரில் முதலில் பேய் வரும், அடுத்து இட்லிப் பானை வரும். எட்டு வயதுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் 'ஆவிக்கூச்சல் போடு' என்று மாஸ்டர் சொன்னால் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது.

> கெண்டோவில் கத்தாவிட்டால் புள்ளியே கிடையாது என்கிறார்கள். அப்படியென்றால் கத்துவதுதானே கியாய்?

நல்ல கேள்வி. விதியையே பார்ப்போம். ஓர் அடி புள்ளியாக வேண்டுமானால் நிறைந்த 'கிசெய்' வேண்டும், உடல்நிலை சரியாக இருக்க வேண்டும், மூங்கில்வாளின் உரிய பகுதி உரிய இலக்கில் வெட்டுவாய் பிசகாமல் பட வேண்டும், பட்ட பிறகும் 'ஸன்ஷின்' என்கிற விழிப்பு தளரக் கூடாது. அங்கே எழுதியிருப்பது 'கிசெய்', உள்ளத்தின் வீறு. குரல் என்று எழுதவில்லை. ஆனால் நடுவருக்கு அந்த வீறு காதில் விழுந்தாக வேண்டும். அதனால்தான் அடிப்பவர் தலை, மணிக்கட்டு, விலா என்று இலக்கின் பெயரையே 'மென்', 'கோதே', 'தோ' என முழங்கிக்கொண்டு பாய்கிறார். குரல் இங்கே சாட்சி.

கொரோனா வந்தபோது இது வெளிச்சமாகவே தெரிந்தது. 2020-இல் அகில ஜப்பான் கெண்டோ சம்மேளனம் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. வாள்பிடியோடு வாள்பிடி உரச நெருங்கி நிற்கும் நிலையில் குரல் எழுப்புவதைத் தவிர்க்கச் சொன்னது. குரலுக்குத்தான் கட்டுப்பாடு வந்தது. கிசெய் வேண்டும் என்ற விதி அப்படியே இருந்தது.

இன்னொரு சான்று பழையது. ஜப்பானிய வாள்வீரர் மியாமொதோ முசாஷி 1645 வாக்கில் எழுதி முடித்த 'ஐந்து வளையங்கள்' நூலின் நெருப்புப் பகுதியில் மூன்று குரல்களைப் பிரிக்கிறார்: மோதலுக்கு முன், நடுவில், பின். ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில் 'ஏய்' என்று குரல் கொடுத்து எதிராளியை அசைத்துப் பார், அந்தக் குரலுக்குப் பின்னால் வாளை வீசு என்கிறார். வென்ற பிறகு ஒரு குரல். வாள் வீசும் அதே கணத்தில் பெருங்குரல் எழுப்புவதில்லை என்றும் சொல்லிவிடுகிறார்! இன்றைய கராத்தே வகுப்பில் நாம் சொல்லித் தருவதற்கு நேர் எதிர். அடியும் குரலும் ஒரே கணத்தில் விழ வேண்டும் என்பதையே சொல்லின் பொருளாக்கிவிட்டால் முசாஷியை எங்கே வைப்பது?

> அறிவியலாகப் பார்த்தால் இதெல்லாம் சும்மா பில்டப். கத்தினால் பலம் கூடுமா என்ன?

கூடும், தம்பி. 1961-இல் மிச்சியோ இக்காயும் ஆர்தர் ஸ்டைன்ஹவுஸும் வெளியிட்ட ஆய்வில், முழங்கையை மடக்கி இழுக்கும்போது கத்தியவர்களின் இழுவிசை சுமார் 12 விழுக்காடு கூடியது. எதிராளி பக்கமும் ஒரு விளைவு உண்டு. 2010-இல் வந்த டென்னிஸ் ஆய்வில், பந்தடிக்கும் கணத்தில் ஓர் ஒலியைச் சேர்த்துக் காணொளி காட்டினார்கள். பந்து எந்தப் பக்கம் போகும் என்று கணிப்பதில் பார்த்தவர்கள் தாமதித்தார்கள், தவறும் கூடியது. தொடாமலே குரலால் ஆளை விழுத்தாட்டும் கதைகளைப் பற்றி இங்கே பேச வேண்டாம். அவை கையேட்டுக்கு ஆகாது.

உடலுக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹெய்யான் ஷோதான் என்கிற கராத்தே 'கத்தா'வில் (அடியும் தடுப்பும் வரிசையாகக் கோத்த பயிற்சி) இரண்டு இடத்தில் கியாய் வரும். முதலாவது, மூன்றாம் மேல்தடுப்பில். வலக்கால் முன்னே ஊன்றி, வலக்கை நெற்றிக்கு மேலே சுழன்று நிற்கிற கணத்தில் மூச்சு வெட்டென்று வெளியேறும். தொப்புளுக்குக் கீழே மூன்று விரல்கடைத் தூரத்தில் வயிறு கல்லாகும். இடுப்பும் முதுகும் ஒரே கட்டாக இறுகும். குரல் அதன் கூடவே பிதுங்கி வருவது. தொண்டையிலிருந்து கத்துகிறவனுக்கு அரை மணியில் குரல் கம்மிவிடும். வயிற்றிலிருந்து எழுப்புகிறவனுக்குக் கம்மாது. நம் வகுப்புகளில் பிள்ளைகள் 'கி-யாய்!' என்று அந்தச் சொல்லையே கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். தும்மல் வரும்போது 'தும்மல்!' என்று வாயால் சொல்கிற மாதிரி இருக்கும். பெயரும் குரலும் ஒன்றாகக் கலந்துபோனதால் வந்த வினை.

எனவே நமக்குத் தேவை இரண்டு சொல்.

உள்நிலைக்கு 'முனைப்பு' போதும் என்பேன். புதிதாக ஒட்டிச் சேர்க்க வேண்டியதில்லை. 'முனைப்பா நிக்கிறான்', 'முனைப்பு பத்தலை' என்று மாஸ்டர் வாயில் இயல்பாக வரும். முனை உள்ளே இருப்பதால் சிதறாமல் ஓரிடத்தில் குவிவதும் தெரிகிறது. 'உயிர்ப்பு' நல்ல சொல்தான். பழந்தமிழில் மூச்சையே குறித்தது. 'கி'க்கு இதைவிட நெருங்கிய சொல் நம்மிடம் இல்லை. அதைத் தனியே 'கி'க்கு வைத்துக்கொள்வோம்.

குரலுக்கு என் பரிந்துரை 'உரப்பு'. உரப்புதல் என்றால் அச்சுறுத்தும்படி உரக்கக் குரலெழுப்புவது. அகராதியில் உள்ள சொல். பழைய இலக்கண உரைகளில் 'உரப்பியும் எடுத்தும் கனைத்தும்' என்று வருவது நினைவிருக்கும். உரம் என்றால் வலிமை, உரத்த குரல் என்று இன்றும் சொல்கிறோம். வலிமையும் குரலும் ஒரே வேரில் நிற்பது வேறெந்தப் பரிந்துரையிலும் இல்லை. முக்கியமாக, இது ஏவலாகவும் நிற்கும்: 'உரப்பு!' என்று கட்டளையிடலாம், 'மூன்றாம் தடுப்பில் ஓர் உரப்பு' என்று எழுதலாம். 'வீரமுழக்கம்!' என்று யாரால் ஏவ முடியும்? (உரம் என்றதும் யூரியா மூட்டை நினைவுக்கு வருகிறது என்று கோவை நண்பர் தனிமடலில் சிரித்திருந்தார். வரட்டும், இரண்டாம் வகுப்பிலேயே பழகிவிடும்.)

ஆர்ப்பைப் பரிந்துரைத்த அம்மா கோபிக்க வேண்டாம். அது படை முழுதும் சேர்ந்து எழுப்பும் பேரொலி, இதுவோ ஓர் ஆள், ஒரு கணம். போர்முழக்கத்துக்கும் அதே குறை. ஓங்காரத்துக்கு வேறு வீடு இருக்கிறது, அதை அங்கேயே விடுவோம்.

டேக்வாண்டோ மாஸ்டர்களும் இந்தப் பட்டியலைப் பயன்படுத்துவார்கள். கொரியாவின் 'கிஹாப்' அதே இரண்டு சீன எழுத்துதான், ஆகவே அதே தமிழ்ச் சொற்கள் போதும். (கொரியப் பட்டாளத்திலும் பள்ளியிலும் 'கிஹாப்' என்றால் தண்டனை என்றும் பொருள். அது நமக்கு வேண்டாம்.) ககோஷிமாவின் ஜிகென்-ரியூ வாள்மரபில் நட்டமரத்தை அடித்துக்கொண்டே எழுப்பும் கீச்சுக் குரலுக்கு மட்டும் 'என்க்யோ', குரங்குக் கத்தல், என்று தனிப்பெயர் உண்டு. அதைப் பொதுச்சொல்லுக்குள் அடைக்காமல் அப்படியே பெயர்த்துவிடலாம்.

பட்டியலில் இப்படிப் போடலாமா?

கியாய் – முனைப்பு. குரலாக வெளிப்படும்போது உரப்பு.
ககேகோயே – உரப்பு. மேடைக் கலைகளில் வரும்போது குரலெடுப்பு.
கியாய்-மகே – முனைப்பிழப்பு.

கடைசியில் உள்ளது எனக்கே முழுத் திருப்தியில்லை. 'முனைப்பில் தோற்றல்' என்று நீட்டி எழுதுவதே மேல் என்று தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை பக்க வடிவமைப்புக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். ஸன்ஷினுக்கு 'எஞ்சுமனம்' என்று ஒருவர் போட்டிருந்தார். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இதில் கலக்க வேண்டாம்.