மும்பை டப்பாவாலா, தோபி காட் அரைநாள் சுற்றுலா: காசு கொடுத்துப் போகலாமா?

புங்கோல்_பாரி
நம்ம சிங்கப்பூர் ஜூன் பள்ளி விடுமுறையில், இரண்டாவது வாரம், மும்பையில் மூன்று நாள் இருப்போம். எழுபதைத் தாண்டிய அம்மா அப்பாவும் பதினொரு வயதுப் பையனும் உடன் வருகிறார்கள். பயண முகவர் ஒருவர் அரைநாள் பேக்கேஜ் சொல்கிறார். காலை 9 மணிக்கு ஹோட்டலில் ஏற்றிக்கொண்டு, டப்பாவாலாக்களோடு (வீட்டுச் சாப்பாட்டு டப்பாவை ஆபீஸுக்குக் கொண்டுபோகிறவங்க) லோக்கல் ரயிலின் சரக்குப் பெட்டியில் பயணம், சர்ச்கேட்டில் டப்பா பிரிக்கும் இடம், கடைசியில் மகாலட்சுமி தோபி காட் என்கிற திறந்தவெளிச் சலவைத்துறையின் உள்ளே ஒரு நடை. எடுத்துக்கலாமா, இல்லை நாங்களே போய்ப் பார்த்துக்கலாமா?

தேக்கா_தங்கமணி
எடுக்காதீங்க பாரி. இரண்டும் தெருவில் நடக்கிற வேலை, யாரும் டிக்கெட் கேட்க மாட்டாங்க. பதினொன்றே காலுக்கு சர்ச்கேட் ஸ்டேஷன் வாசலுக்கு வந்துடுங்க. பதினொன்றரை வாக்கில் வடக்கே இருந்து வரும் வண்டிகளில் டப்பா இறங்கும். எட்டடி நீள மரச்சட்டத்தில் முப்பத்தைந்து நாற்பது டப்பா, எடை அறுபது கிலோவைத் தாண்டும், ஒரே ஆள் தலையில் தூக்கி வருவார். நடைபாதையிலேயே இறக்கிப் பிரிச்சு, சைக்கிளிலும் தள்ளுவண்டியிலும் ஏற்றிக் கிளம்பிடுவாங்க. பன்னிரண்டேகாலுக்குப் போனீங்கன்னா வெறும் நடைபாதைதான் இருக்கும்.

அப்புறம் அங்கிருந்தே ஸ்லோ வண்டி. மரீன் லைன்ஸ், சர்னி ரோடு, கிராண்ட் ரோடு, மும்பை சென்ட்ரல், அடுத்தது மகாலட்சுமி. ஃபாஸ்ட் வண்டியில் ஏறிடாதீங்க, மகாலட்சுமியில் நிற்காமல் தாதரில் கொண்டுபோய் விட்டுடும். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பாலம். பாலத்திலிருந்து குனிஞ்சு பார்த்தால் தோபி காட் முழுசாத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், டப்பா கிடையாது.

கடற்கரை_சேகர்
தங்கமணி அக்கா சொல்ற மாதிரி போனால் இருபது நிமிஷம் தகர டப்பாவை வேடிக்கை பார்த்துட்டு வரலாம். மூடியில் எழுதியிருக்கிறதை வாசிக்கத் தெரியாட்டி அங்கே பார்க்க என்ன இருக்கு? வாசிச்சுக் காட்ட ஒரு ஆள் வேணும்.

ஒரு மூடியை எடுத்துக்கலாம். ஒரு ஓரத்தில் வி.எல்.பி. என்று இருக்கும், அது வீடு இருக்கிற வில்லே பார்லே ஸ்டேஷன். பக்கத்தில் ஈ என்ற ஆங்கில எழுத்து, அந்த ஸ்டேஷன் பக்கத்து டப்பாவாலாவுக்கான குறி. நடுவில் பெரிசா 3, இறங்கவேண்டிய ஸ்டேஷன். மறு ஓரத்தில் 9 ஈ.எக்ஸ். 12. இதில் 9 கொண்டுபோய்க் கொடுக்கிறவரின் குறி, ஈ.எக்ஸ். என்றால் எக்ஸ்பிரஸ் டவர்ஸ் கட்டடம், 12 என்றால் எத்தனையாவது மாடி என்பது. சாப்பிடுகிறவர் பெயரோ ஃபோன் நம்பரோ எங்கேயும் இல்லை.

பையனுக்குக் காட்டவேண்டியது இதைத்தான். ஒரு டப்பா போகிற வழியில் மூன்று நாலு கை மாறும். ஒவ்வொரு கையும் மூடியில் தன் பங்கை மட்டும் பார்க்கும். புறநகர் ஸ்டேஷனில் பிரிக்கிறவருக்கு நடு எண் போதும், அதனால்தான் அது பெரிசு. கடைசி ஆளுக்கு வலது ஓரம். சாயங்காலம் காலி டப்பா திரும்பும்போது இடது ஓரம்.

செங்காங்_மைதிலி
குறியீடு விளக்கம் நல்லா இருக்கு சேகர். ஆனா அந்த வழிகாட்டி அடுத்து என்ன சொல்வார்னு தெரியுமா? "ஃபோர்ப்ஸ் பத்திரிகை சிக்ஸ் சிக்மா தரச் சான்றிதழ் கொடுத்திருக்கு, 1.6 கோடியில் ஒரே ஒரு தவறு!" இந்தக் கதைக்குத்தான் காசு வாங்குறாங்க.

கணக்குப் போட்டுப் பாருங்க. கோவிட்டுக்கு முன்னால் சொல்லப்பட்ட அளவு ஒரு நாளைக்கு 2 லட்சம் டப்பா. போக வர 4 லட்சம் நடை. வருஷத்துக்கு 300 நாள் என்றால் 12 கோடி. 1.6 கோடிக்கு ஒன்று என்றால் மொத்த வருஷத்துக்கும் ஏழெட்டுத் தவறு. ஐயாயிரம் ஆள், மும்பை மழை, மும்பை ரயில், ஏழெட்டுத் தவறாம்! சிக்ஸ் சிக்மா என்பது பத்து லட்சத்துக்கு 3.4 தவறு. அந்தக் கணக்கில் நானூற்றுச் சொச்சம் வரும். ஒரே மூச்சில் சொல்கிற இரண்டு எண்ணும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகலை. ஃபோர்ப்ஸில் 1998-ல் வந்தது ஒரு கட்டுரை. சான்றிதழ் எதுவும் நாங்கள் கொடுக்கலைன்னு அதை எழுதியவரே பின்னாடி சொல்லிட்டார்.

கடற்கரை_சேகர்
எண் தப்பு, ஒத்துக்கறேன். அதனால் வேலை தப்பாகிடுமா? ஹார்வர்டில் 2010-ல் இதைப் பாடமாக்கினாங்க, சிக்ஸ் சிக்மாவுக்காக இல்லை. பெரிய படிப்பு இல்லாத ஆட்கள், கணினி இல்லாமல், ரயில் நேரத்தையே முதலாளியா வெச்சு எப்படி நடத்தறாங்க என்பதுதான் அங்கே கேள்வி.

ஜூரோங்_அடுப்படி
சேகர் சொல்ற "ரயில்தான் முதலாளி" என்பதுதான் விஷயம். இதைக் கொஞ்சம் விரிக்கிறேன், சுற்றுலாப் பேச்சில் இது வரவே வராது.

மும்பை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிற ஊர். வேலை தெற்கே, வீடு வடக்கே. வீட்டுக்காரர் ஏழு ஏழரைக்குக் கிளம்பிடுவார், அதற்குள் சமையல் ஆகாது. சமையல் ஆகியிருந்தாலும் அந்தக் கூட்டத்தில் கையில் டப்பாவோடு ஏற முடியாது. சமையல் முடிந்த பிறகு, நெரிசல் தணிகிற நேரத்தில் டப்பா தனியா வருது. 1890-ல் மகாதேவ் ஹாவாஜி பச்சே சுமார் நூறு பேரோடு தொடங்கினப்போ இருந்த காரணமும் இதேதான்: ஆபீஸ் ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம்.

எங்கே பிசகும்? முதல் இடம் வீட்டு வாசல். ஒரு ஆளுக்கு இருபத்தைந்து முப்பது வீடு. ஒரு வீட்டில் ஐந்து நிமிஷம் காத்திருந்தால் கடைசி வீட்டு டப்பாவுக்கு ரயில் போயிடும். அதனால் திரும்பத் திரும்பத் தாமதம் செய்கிற வீட்டைக் கழற்றி விட்டுடுவாங்க. வாடிக்கையாளரை நிறுவனம் நீக்குகிற தொழில் உலகத்தில் எத்தனை இருக்கு சொல்லுங்க! இரண்டாவது, டப்பாவின் அளவு. ரொம்ப உயரமான அடுக்கு மரச்சட்டத்தில் அடங்காது, மேலே தனியா வைத்தால் சாயும். மூன்றாவது, ரசம். சட்டம் தலைக்கு ஏறும்போது ஒரு பக்கம் சரியும். கொக்கி தளர்ந்த அடுக்கில் ரசம் ஊற்றினால் கீழ்த் தட்டு சோறு முழுக்க ரசம் சோறுதான். மராட்டி, குஜராத்தி வீட்டு டப்பாவில் சப்பாத்தியும் கெட்டியான கறியும் இருப்பதால் அவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

நாலாவது, ஆள் வராத நாள். அதற்கு ஒவ்வொரு குழுவிலும் இரண்டு மூன்று பேர் உபரியா இருப்பாங்க. தினமும் வெட்டியா இருக்கிற மாதிரித் தெரியும். ஒருவர் சைக்கிள் பஞ்சர் ஆகும் அன்றைக்குத்தான் அவர்கள் எதற்குன்னு புரியும். மூத்தவரை முகாதம் என்பார்கள், பிரிக்கிற இடத்தில் சத்தம் போடுகிறவர் அநேகமா அவர்தான்.

தேக்கா_தங்கமணி
அருமை அண்ணே. ஆனா நீங்களே என் கட்சிக்கு வந்துட்டீங்க பாருங்க. நிமிஷக் கணக்கில் நடக்கிற வேலைக்குள் நாலு சுற்றுலாப் பயணிகளை நுழைச்சால் என்ன ஆகும்? அந்தச் சரக்குப் பெட்டி சமாச்சாரம் வேண்டவே வேண்டாம். நடுவில் வருகிற ஸ்டேஷன்களில் வண்டி அரை நிமிஷம்கூட நிற்காது. அந்த நேரத்தில் எட்டடிச் சட்டத்தை உள்ளே தள்ளணும். சட்டத்தின் முனை சரியா நம்ம காது உயரத்துக்கு வரும். எழுபது வயசுக்காரங்களை அங்கே எதுக்கு நிறுத்தணும்? பெட்டி மாறி ஏறினதுக்கு டிக்கெட் பரிசோதகர் பிடிச்சால் அபராதம் வேற.

கடற்கரை_சேகர்
சரக்குப் பெட்டி வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம். பேக்கேஜில் அதை எடுத்துட்டு மீதியைக் கேளுங்க பாரி.

பிடோக்_குமார்
இதுக்கு மும்பை வரை போகணுமா லா? நம்ம ஊரில் டிங்காட், அதான் அடுக்குச் சாப்பாடு, இருக்கே. சாயங்காலம் வீட்டு வாசலில் அடுக்கு வைப்பாங்க, மறுநாள் காலி அடுக்கை எடுத்துட்டுப் புதுசு வைப்பாங்க. அதே கதைதானே.

ஜூரோங்_அடுப்படி
இல்லை தம்பி. டிங்காட்டில் ஒரு அடுப்படி, நூறு வீடு. வேன் ஓட்டுநர் கையில் பட்டியல் இருந்தால் போதும், எல்லா அடுக்கிலும் ஒரே கறி, மாறினால்கூடத் தெரியாது. டப்பாவில் நூறு அடுப்படி, நூறு மேசை. மாறினால் சைவக்காரர் தட்டில் மீன். குறியீடு தேவைப்படுவதே இதனால்தான்.

இங்கே வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளுக்குப் போகிற கேட்டரிங் சாப்பாட்டை ஒப்பிட்டால் பொருத்தமா இருக்கும். நடுராத்திரி சமைச்சு, விடிகாலையில் இறக்கி, வேலையிடத்தில் மதியம் திறக்கிற பொட்டலத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகுதுன்னு எண்ணிப் பாருங்க. இங்கே கேட்டரிங் உணவுக்குச் சமைச்சதிலிருந்து 4 மணி நேரக் கெடு என்பது பொதுவா எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. மும்பை டப்பா ஒன்பது மணிக்கு மூடினால் ஒரு மணிக்குள் திறந்துடும். கிட்டத்தட்ட அதே 4 மணி.

எம்ஆர்டி ரயிலில் இதைச் செய்யலாமான்னு யாராவது கேட்பீங்க. சரக்குப் பெட்டியே கிடையாது, டுரியானையே ஏற்ற விட மாட்டாங்க. அதோட எந்த ஆபீஸுக்குக் கீழேயும் உணவங்காடி இருக்கு.

செங்காங்_மைதிலி
சரி, டப்பாவை விடுங்க. எனக்குப் பெரிய ஆட்சேபம் தோபி காட் "உள்ளே நடை" என்பதில்தான். அது கண்காட்சி இல்லை. ஆயிரக்கணக்கானவங்க வேலை செய்கிற இடம், நிறையப் பேருக்கு வீடும் அதுவே. குழந்தை குளிக்கிற இடத்தில் போய் கேமராவை நீட்டறதுக்குப் பேர் சுற்றுலாவா? வாசலில் ஒருத்தர் நின்று நுழைவுக் கட்டணம்னு ஏதோ கேட்பார், அது துவைக்கிறவருக்குப் போய்ச் சேரும்னு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஈசூன்_ரமணி
மைதிலி, பாலத்திலிருந்து மட்டும் பார்த்துட்டு வருகிறவர்கள்தான் "ஐயோ பாவம், வறுமை"ன்னு எழுதறாங்க. மேலேயிருந்து தெரியறது வண்ணத் துணியும் கறுப்புத் தண்ணியும் மட்டும். கீழே போனால்தான் அது தொழில்னு தெரியும்.

வேலை இப்படி. மூட்டை வந்ததும் முதல் காரியம் குறி போடறது. பழைய காலத்தில் இதற்குச் சேங்கொட்டை. கொட்டையில் ஊசியைக் குத்தி, வரும் சாற்றால் காலரின் உட்பக்கம் குறி வைத்து, மேலே சுண்ணாம்பு தடவினால் கறுத்துப் பிடிச்சுக்கும். எத்தனை வெளுப்புக்கும் போகாது. சிலருக்குக் கழுத்தில் அரிப்பும் புண்ணும் வரும், தோல் மருத்துவப் புத்தகங்களில் தோபி குறி அரிப்புன்னே அதற்கு ஒரு பெயர் இருக்கு. இப்போது மை, வண்ண நூல், துணித் துண்டு.

அடுத்து சோடாவிலும் சோப்பிலும் ஊறல். அதன் பிறகு கல். காங்க்ரீட் தொட்டி ஒவ்வொன்றிலும் அடிக்கிற கல் தனியா உண்டு, ஆள் தண்ணிக்குள் நிற்பார். துணியைக் கயிறு மாதிரி முறுக்கித் தலைக்கு மேலே வீசி அடிக்கணும். பொத்தான் வெளியே இருந்தால் தெறிக்கும், அதனால் முன்பக்கத்தை உள்ளே மடிச்சுக்கணும். அவசரத்தில் இதை விட்டால்தான் சட்டை பொத்தானில்லாமல் வீடு வரும். வெள்ளைத் துணிக்குக் காரம் போட்ட கொதிநீர், பிறகு நல்லா அலசணும். காரம் மிச்சமிருந்தால் இஸ்திரிப் பெட்டி பட்டதும் மஞ்சளாகும். "துவைத்தும் மஞ்சள்" என்கிற புகாரில் பாதிக்கு அலசல் போதாததுதான் காரணம். கடைசியில் நீலம், பருத்தின்னா கஞ்சி.

உலர்த்தும் கயிற்றைக் கிட்டப் போய்ப் பாருங்க. இரண்டு கயிற்றை முறுக்கி இழுத்துக் கட்டியிருப்பாங்க. முறுக்கின் இடுக்கில் துணி முனையைச் செருகினால் காற்றடித்தாலும் விழாது. கிளிப்பே கிடையாது. வீவக அடுக்குமாடி வீட்டுச் சன்னலில் மூங்கில் கழிக்கு ஆளுக்கு இருபது கிளிப் மாட்டுகிற நமக்கு இது தோணவே இல்லை.

தேக்கா_தங்கமணி
பாலத்திலிருந்து பார்த்தால் ஒரே நீலத்தில் வரிசை வரிசையா ஜீன்ஸ் தெரியுதே, அதுவும் வீட்டுத் துணியா?

ஈசூன்_ரமணி
இல்லை, அது துணி வியாபாரிகளுடையது, கடைக்குப் போகும் முன் துவைக்கிறது. ஒரே பச்சை என்றால் ஆஸ்பத்திரி, ஒரே வெள்ளை என்றால் ஹோட்டல் விரிப்பு. வீட்டுத் துணி குறைஞ்சுட்டே வருது, வீட்டுக்கு வீடு மெஷின் வந்தாச்சு. உள்ளேயும் பெரிய சலவை மெஷின், உலர்த்தி எல்லாம் இருக்கு. "உலகத்திலேயே பெரிய கைத்துவைப்பு"ன்னு சொல்கிற வழிகாட்டி அந்த மெஷின் அறையைக் காட்டாமல் தாண்டிப் போவார்.

செங்காங்_மைதிலி
அதைத்தானே நானும் சொல்றேன். வழிகாட்டி வேண்டியதைக் காட்ட மாட்டார், வேண்டாததை அளப்பார்.

ஈசூன்_ரமணி
வழிகாட்டியை மாத்துங்க. உள்ளேயே பிறந்து வளர்ந்தவங்க சிலர் கூட்டிட்டுப் போறாங்க. காசு அவங்க கையில் நேராப் போகும், எங்கே கேமராவை இறக்கணும்னும் அவங்களுக்குத் தெரியும். நாலு பேருக்கு மேல் வேண்டாம், சந்து அகலம் அவ்வளவுதான். தரை எப்பவும் ஈரம், காரத் தண்ணி தெறிக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்க. பாரி, உங்க அம்மா அப்பா பாலத்திலேயே நிற்கட்டும், நீங்களும் பையனும் இறங்குங்க.

நம்ம டோபி காட் ஸ்டேஷனில் தினமும் வண்டி மாறுகிற பையன்தானே? அங்கே பிராஸ் பாசா ஓடையில் இதே மாதிரி வங்காளத்திலிருந்தும் மதராஸிலிருந்தும் வந்தவங்க துவைச்சு, பக்கத்துப் புல்வெளியில் காயவெச்சாங்க. இங்கே மிஞ்சினது பெயர் மட்டும்.

புங்கோல்_பாரி
எல்லாருக்கும் நன்றி. பேக்கேஜ் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். சர்ச்கேட் நாங்களே, தோபி காட்டுக்கு மட்டும் ரமணி சொன்ன மாதிரி உள்ளூர் ஆள். செவ்வாய்க்கிழமை வெச்சுக்கலாமா?

தேக்கா_தங்கமணி
செவ்வாய் சரி. ஆனா ஜூன் இரண்டாவது வாரம் மும்பையில் மழை இறங்குகிற நேரம். தண்டவாளத்தில் தண்ணி நின்றால் டப்பா வண்டியும் நிற்கும், கயிற்றிலும் துணி இருக்காது. முதல் நாளே வானம் தெளிஞ்சிருந்தால் வேற எதையும் தள்ளிவெச்சுட்டு இதை முடிச்சுடுங்க. பள்ளிக்கூடம் அங்கே ஜூன் நடுவில்தான் திறக்கும், பிள்ளைங்க டப்பா இல்லாததால் கூட்டம் கொஞ்சம் குறைவாகவும் இருக்கும்.

ஜூரோங்_அடுப்படி
கோவிட்டுக்கு அப்புறம் ஆள் எண்ணிக்கையே ரொம்பக் குறைஞ்சாச்சு, நிறைய ஆபீஸில் சில நாள் வீட்டிலிருந்து வேலை. பழைய வீடியோவில் இருக்கிற நடைபாதைக் கூட்டத்தை எதிர்பார்த்துப் போகாதீங்க. திங்கள் வெள்ளியை விட செவ்வாய் புதன் மேல்.

கடற்கரை_சேகர்
மகாலட்சுமியிலிருந்து அதே ஸ்லோ வண்டியில் லோயர் பரேல், பிரபாதேவி, தாதர் தாண்டினால் மாதுங்கா ரோடு. நடைமேம்பாலம் ஏறி கிழக்கே இறங்கினால் நம்ம ஆளுங்க பேட்டை, வாழை இலைச் சாப்பாடு. அங்கே ரசம் சிந்தாது.