க்ரவுச்சிங் டைகர் ஹிடன் டிராகன்: இது ஏன் பெண்கள் படம்?

காவேரிக்கரை:
நேற்றுதான் பார்த்தேன். 2000ல் ஆங் லீ எடுத்தது, நாலு ஆஸ்கர் வாங்கிய படம். மூங்கில் உச்சியில் நின்று ஆடிக்கொண்டே சண்டை போடும்போது அம்மா "இதென்ன, விட்டலாச்சார்யா படமா?" என்று கேட்டுவிட்டார். பறப்பது மந்திரமா? அப்புறம், சௌ யுன் ஃபேட்தானே ஹீரோ, இதைப் போய் எல்லோரும் பெண்கள் படம் என்கிறார்களே?

பழையகொட்டகை:
மந்திரம் இல்லை. வூஷியா என்னும் சீன வாள்வீரர் கதைகளில் மூச்சுப் பயிற்சியால் உடம்பைப் பஞ்சாக்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். நம் ஹீரோ ஒரு குத்து விட்டால் பத்துப் பேர் பறக்கவில்லையா? மூங்கில் காட்டை விடுங்கள், மிஷெல் யோவும் ஜாங் ஸீயியும் மோதும் பயிற்சிக்கூடச் சண்டையைத் திரும்பப் பாருங்கள். பெரியவள் ஈட்டி, இரட்டைக் கத்தி, கொக்கி வாள் என்று மாற்றி மாற்றி எடுக்க, சின்னவளின் ஒரே வாள் எல்லாவற்றையும் நறுக்கித் தள்ளும். நடுவில் மிஷெல் யோ ஒரு கனத்த உலோகத் தடியைத் தூக்கப் போய், அதன் எடையிலேயே சாய்ந்துபோவார் பாருங்கள்! கடைசியில் பாதி முறிந்த வாள்தான் சின்னவளின் கழுத்தில் நிற்கும். சண்டை அமைப்பு யுவான் வூ-பிங், மேட்ரிக்ஸ் செய்தவர்.

ஈப்போக்காரன்:
மிஷெல் யோ எங்கள் ஊர்ப் பிறப்பு, அதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை :) மாண்டரின் தெரியாமல் வசனத்தை ஒலியாகவே மனப்பாடம் செய்து பேசினார். படப்பிடிப்பில் முழங்கால் தசைநார் கிழிந்து ஆபரேஷன் வரை போனது.

மல்லி:
யாருமே வில்லி ஜேட் ஃபாக்ஸைப் பேசவில்லையே. எனக்கு அவள்தான் படமே. குரு அவளைப் படுக்கைக்குச் சேர்த்துக்கொண்டார், பெண் என்று வித்தையை மட்டும் சொல்லித்தரவில்லை. அவரைக் கொன்று சுவடியைத் திருடினாள், ஆனால் வாசிக்கத் தெரியாது, படங்களைப் பார்த்தே பழகினாள். அவளுடைய சிஷ்யையான ஜாங் ஸீயியோ எழுத்தையும் படித்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் அவளைத் தாண்டிப் போய்விட்டாள். கொலைகாரிதான், இருந்தாலும் அந்த வயிற்றெரிச்சல் புரிகிறது. நடித்த செங் பெய்-பெய் 1966லேயே வாள்வீராங்கனையாக நடித்துப் பேர் வாங்கியவர், அவரை இங்கே வில்லியாக்கியது நல்ல குறும்பு.

காவேரிக்கரை:
சரி, பயிற்சிக்கூடச் சண்டையை மட்டும் மறுபடி போட்டேன். தடி விழுந்ததும் அம்மா சிரித்துவிட்டார். கழுத்தில் வைத்த வாளை மிஷெல் யோ இறக்கியதும், அவர் கையிலேயே அந்தச் சின்னவள் வெட்டினாள் இல்லையா, அதிலிருந்து "அவளை விட்டிருக்கவே கூடாது" என்று புலம்பிக்கொண்டிருக்கிறார்.