கேரியர் எக்ஸலன்ஸ் அவார்ட்: தமிழில் எப்படிச் சொல்வது?

> வாழ்நாள் சாதனையாளர் விருது என்று போட்டுவிட்டால் போதுமே. எல்லாருக்கும் புரியும். புதுச்சொல் எதற்கு?

வணக்கம் ஐயா,

புரியும், ஆனால் வேறு ஒன்றாகப் புரியும் என்பதுதான் என் தயக்கம். நாம் பதிவு எழுதப்போகும் இது, அமெரிக்காவில் பேஸ்பால் எழுத்தாளர்களுக்குக் கொடுக்கும் விருது. நம் விளையாட்டுப் பக்கங்களில் சாதனை என்றாலே ரெக்கார்டுதான். பேஸ்பால் ஆட்டக்காரர் ஹாங்க் ஆரன் அடித்த 755 ஹோம் ரன், அதைத் தாண்டிப் போன பாரி பாண்ட்ஸின் 762, இவற்றை எல்லாம் வாழ்நாள் சாதனை என்று எழுதிய கையோடு, அதே கட்டுரையில் ஒரு பத்திரிகையாளரையும் வாழ்நாள் சாதனையாளர் என்றால், அவர் எத்தனை ரன் எடுத்தார் என்று தேடுவார்கள்.

இன்னொன்று, வாழ்நாள் சாதனையாளர் விருது என்றதும் நமக்குத் தோன்றும் படம்: மேடை, பொன்னாடை, நாற்காலியில் ஒரு பெரியவர். இந்த விருது அப்படி மட்டும் இல்லை. எழுத்தாளர் ரிங் லார்ட்னர் இறந்தது 1933இல், விருது கொடுத்தது 1963இல். கறுப்பினப் பத்திரிகையாளர் வெண்டல் ஸ்மித் 1972இல் மறைந்தார், 1993இல் கொடுத்தார்கள்.

அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் 1908இல் தொடங்கியது. விருதை 1962 முதல் கொடுக்கிறார்கள். மூன்று பேரைக் குழு முன்மொழியும், பத்து ஆண்டுக்கு மேல் உறுப்பினராக இருப்பவர்கள் வாக்களிப்பார்கள், ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் வழங்குவார்கள். பேஸ்பால் எழுத்துக்குச் செய்த பங்களிப்புக்காக என்பது விருதின் விளக்கம். அந்த 'எழுத்து' கேரியர் எக்ஸலன்ஸ் என்ற ஆங்கிலப் பெயரில் இல்லை. தமிழில் அதைச் சேர்த்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

> அப்படியானால் பணிக்காலச் சிறப்பு விருது?

இதில் இரண்டு இடத்தில் கால் இடறுகிறது, அக்கா. பணிக்காலம் என்றால் பணிப்பதிவேடும் ஓய்வூதியமும் நினைவுக்கு வருகின்றன, அரசு ஊழியருக்கே எழுதி வைத்த சொல். அது போகட்டும், பொருளும் பொருந்தவில்லை. 2014இல் விருது பெற்ற ரோஜர் ஏஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கர் இதழில் அவர் வேலை கதைப் பகுதியின் ஆசிரியர். பேஸ்பால் எழுதத் தொடங்கியது 1962இல், நாற்பதைத் தாண்டிய பிறகு. சங்கத்தில் உறுப்பினராகக்கூட இல்லை, உறுப்பினர் அல்லாத ஒருவருக்கு இந்த விருது போனது அதுதான் முதல் தடவை. விருது வாங்கும்போது அவருக்கு வயது 93. அவருடைய 'பணிக்காலம்' எதைக் குறிக்கும்? கதை திருத்திய காலத்தையா, மைதானத்துக்குப் போய் வந்து எழுதிய காலத்தையா? எழுத்துப்பணி என்றால் இந்தக் குழப்பமே வராது. சம்பளம் வாங்கி எழுதினாலும் வாங்காமல் எழுதினாலும் நாம் சொல்வது எழுத்துப்பணிதான்.

அடுத்து 'சிறப்பு'. சிறப்பு ரயில், சிறப்பு விருந்தினர் என்று பழகிய கண்ணுக்கு, சிறப்பு விருது என்பது வழக்கத்துக்கு மாறாக இந்த ஆண்டு மட்டும் கொடுத்த விருதாகத் தெரியும். அதனால் நான் முன்வைப்பது:

எழுத்துப்பணி மேன்மை விருது.

மேன்மைதங்கிய ஆளுநர் நினைவுக்கு வருகிறார் என்று யாராவது சொல்வீர்கள். வரட்டும், தாங்கிக்கொள்ளலாம். செம்மல், மாமணி என்று பட்டம் கட்டும் யோசனைகளைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். இது விருதின் பெயர், பெறுபவரின் முன்னொட்டு ஆகிவிடக் கூடாது.

> பழைய பெயரையே ஒலிபெயர்த்து 'ஸ்பிங்க் விருது' என்று வைத்தால் சொல்லாக்கத் தொல்லையே இல்லை.

இதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜே. ஜி. டெய்லர் ஸ்பிங்க், செயின்ட் லூயிஸில் இருந்து வந்த ஸ்போர்ட்டிங் நியூஸ் இதழை 1914 முதல் 1962 வரை நடத்தியவர். முதல் விருதே அவருக்குத்தான், பெயரும் அவருடையதுதான். கறுப்பினத்தவரை மேஜர் லீக் என்ற முதன்மைப் போட்டியின் குழுக்களில் சேர்க்காத வழக்கத்தை ஆதரித்து 1942 ஆகஸ்ட்டில் அந்த இதழ் தலையங்கம் எழுதியது. இனப் பேச்சைக் கிளப்புவதால் யாருக்கும் நன்மை இல்லை என்பது அதன் சாரம். அதே காலத்தில் பிட்ஸ்பர்க் கூரியர் பத்திரிகையில் வெண்டல் ஸ்மித், அந்தக் கதவைத் திறக்கச் சொல்லி வாராவாரம் எழுதிக்கொண்டிருந்தார். 1947இல் கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவுக்காகக் களம் இறங்கியபோது அவரோடு ஊர் ஊராகப் போய் எழுதியதும் ஸ்மித்தே. அவருக்கும் இன்னொரு கறுப்பினப் பத்திரிகையாளரான சாம் லேசிக்கும் சங்கத்தின் உறுப்பினர் அட்டை கிடைத்தது 1948இல்தான். அட்டை இல்லாதவருக்குச் செய்தியாளர் மாடத்தில் இடம் கிடையாது. பிறகு ஸ்மித்துக்கு 1993இல் கொடுத்த கௌரவத்தின் மேல் எழுதியிருந்த பெயர் ஸ்பிங்க்! இது யாருக்கும் உறுத்தாமல் 2021 பிப்ரவரி வரை ஓடியிருக்கிறது. அப்போது சங்கமே வாக்கெடுத்துப் பெயரை எடுத்துவிட்டது. அவர்களே எடுத்த பெயரை, சொல்லாக்கம் சுலபம் என்பதற்காக நாம் தமிழில் உட்கார வைப்பது நியாயமாகப் படவில்லை. கிளேர் ஸ்மித் 2017இல் முதல் பெண்ணாக இதைப் பெற்றதைப் பற்றி எழுதும்போது, 'அப்போது ஸ்பிங்க் விருது என்று பெயர்' என ஒரு தடவை சொல்லி நகர்ந்துவிடலாம்.

கிளேர் ஸ்மித்தைப் பற்றி இன்னும் ஒரு வரி. 1984இல் சான் டியாகோ பாட்ரெஸ் குழுவின் உடைமாற்றும் அறையில் இருந்து அவரை வெளியேற்றினார்கள். அந்தக் குழுவின் ஆட்டக்காரர் ஸ்டீவ் கார்வி வெளியே வந்து நின்று, அவருக்கு வேண்டிய பேட்டியைக் கொடுத்தார். பதிவின் வாழ்க்கைக்குறிப்பில் இதை விட்டுவிடாதீர்கள்.

அன்புடன், இழையைத் தொடங்கியவன்

---

மறுமொழி:

தம்பி, மேன்மைக்கு என் வாக்கு. ஆனால் வரைவில் 'புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்' என்று எழுதியிருக்கிறீர்களே, அது தவறு. புகழ்மண்டபம் என்பது கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேம், இந்த விருது பெற்றவர்கள் அதன் உறுப்பினர்கள் ஆவதில்லை. அங்கே 'எழுத்தாளர் பிரிவு' என்று ஒன்றும் கிடையாது, ஆங்கிலச் செய்தியாளர்களே அப்படி எழுதி எழுதிப் பரப்பிவிட்டார்கள். எழுத்தாளர்களையும் வானொலி, தொலைக்காட்சி வர்ணனையாளர்களையும் நினைவுகூரும் ஒரு காட்சிப் பகுதி இருக்கிறது, அவ்வளவுதான். வெண்கலப் பலகை வைப்பது உறுப்பினர்களுக்கு. ஆட்டத்தின் விவரங்களைக் கட்டம் போட்டுத் தரும் பாக்ஸ் ஸ்கோரை உருவாக்கிய ஹென்றி சாட்விக் எழுத்தாளர்தான், 1938இல் அவருக்குப் பலகையே வைத்தார்கள். அது தனிக் கணக்கு.

ஆகவே வினையைப் பிரிக்க வேண்டும். ஆட்டக்காரருக்கு மண்டபமேற்றம், எழுத்தாளருக்கு விருது வழங்கல். அரங்கேற்றம் இருக்கும் மொழியில் மண்டபமேற்றம் நிற்காதா?

— அக்கா

---

மறுமொழி:

மண்டபமேற்றம் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது அம்மா, ஆனால் எனக்குக் கல்யாண மண்டபம்தான் தெரிகிறது, மாப்பிள்ளையைக் காணோம். புகழவை என்றால்? அவையேற்றம். திருத்தம் நியாயம், அதில் மறுப்பில்லை. வாழ்நாள் சாதனையாளரையும் திரும்பப் பெறுகிறேன்.

ஒரு வேடிக்கை. கடைசியில் வந்து முன்னிலையைக் காக்கும் பந்துவீச்சாளருக்குக் கொடுக்கும் 'சேவ்' என்ற புள்ளிவிவரத்தை உருவாக்கியவர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன், சிகாகோ பத்திரிகையாளர். 1969இல் அது அதிகாரப்பூர்வக் கணக்கில் ஏறியது, 1989இல் அவருக்கு இந்த விருது. ஆட்டத்தைத் தொடங்கும் பந்துவீச்சாளர் நன்றாக வீசியதைக் கணக்கிடும் 'குவாலிட்டி ஸ்டார்ட்' 1985இல் பத்திரிகையாளர் ஜான் லோ செய்தது, அவருக்கு 2023இல். நம்மைப் போலக் கலைச்சொல் செய்தவர்கள்தான். நமக்கு இதுவரை டீ கூட வரவில்லை.

— ஐயா

---

மறுமொழி:

அவையேற்றம் சட்டமன்றத்துக்குப் போய்விடும் ஐயா, 'அவைக்கு வந்தார்' என்று தினமும் படிக்கிறோம். ஏற்கெனவே சில பதிவுகளில் புகழ்மண்டபம் என்றே இருப்பதால் அது இருக்கட்டும். அக்கா சொன்ன பிரிவினையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், வரைவில் 'சேர்க்கப்பட்டார்' வந்த இடங்களை எல்லாம் 'விருது பெற்றார்' என மாற்றியாகிவிட்டது. முதல் வரி இப்போது இப்படி:

'எழுத்துப்பணி மேன்மை விருது என்பது, பேஸ்பால் பற்றிய எழுத்தில் நெடுங்காலம் சிறந்து விளங்கியவருக்கு அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் வழங்கும் விருது. 2021 வரை ஸ்பிங்க் விருது எனப்பட்டது. பெறுபவர் புகழ்மண்டப உறுப்பினர் ஆகமாட்டார்.'

பேஸ்பாலா அடிபந்தாட்டமா என்ற சண்டைக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள், இங்கே வேண்டாம்.

வர்ணனையாளர்களுக்கு 1978 முதல் கொடுக்கும் ஃபோர்ட் ஃபிரிக் விருது அடுத்து நிற்கிறது. அது ஆள்பெயர் என்பதால் ஒலிபெயர்ப்பே போதும். பிராட்காஸ்டருக்கு ஒலிபரப்பாளர் என்றால் நிலையம் நடத்துபவர் போல இருக்கிறது, வர்ணனையாளர் என்றே வைக்கட்டுமா? மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று இரவு பதிவை ஏற்றுகிறேன்.