14 மணி நேரப் பயணம், முழங்கால் வலியோடு அம்மா: பிரீமியம் எகானமி போதுமா?

ஜன்னலோரம்:
அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஒரு மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்தாலே, எழும்போது என் தோளைப் பிடித்துக்கொள்வார். அடுத்த மாதம் 14 மணி நேர விமானப் பயணம். போகும்போது இரவு, வரும்போது பகல். இரண்டு பேருக்கும் போக வர பிசினஸ் கிளாஸ் எடுத்தால் என் சேமிப்பு காலி. எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவில் என்று சொல்லும் பிரீமியம் எகானமி உண்மையிலேயே நடுத்தரமா, இல்லை எகானமிக்கே புதுச் சட்டை மாட்டி விற்கிறார்களா? கவனிப்பில் வித்தியாசம் தெரியுமா? அம்மா பெல் அடித்து யாரையும் கூப்பிடவே மாட்டார். எனக்கு அந்தக் கவலைதான் அதிகம்.

நீளக்கால்:
என் உயரம் ஆறடி இரண்டு அங்குலம். எப்போதும் எகானமியில் அவசர வழி வரிசைதான் கேட்பேன். காலை நன்றாக நீட்டலாம். எதற்கு இவ்வளவு செலவு?

பழைய க்ரூ:
நீளக்கால் சொல்வது அவருக்குச் சரி, அம்மாவுக்கு ஆகாது. அவசர வழி வரிசையில் இருப்பவர் தேவைப்பட்டால் கதவைத் திறந்து உதவ வேண்டும். முழங்கால் வலிக்காரரை நாங்களே எழுப்பி வேறு இடத்தில் உட்கார வைத்துவிடுவோம். நான் 11 வருடம் நெடுந்தூர விமானங்களில் க்ரூவாக, அதாவது பணிப்பெண்ணாக இருந்தவள். சுவரை ஒட்டிய முதல் வரிசையும் வேண்டாம். சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் இருப்பதால் அந்தக் கைப்பிடியைத் தூக்க முடியாது. குழந்தைத் தொட்டில் மாட்டுவதும் அங்கேதான், தூக்கம் போச்சு.

இருக்கை முதுகிலிருந்து முன் இருக்கை முதுகு வரை உள்ள தூரம் எகானமியில் பெரும்பாலும் 31, 32 அங்குலம். பிரீமியம் எகானமியில் 38 அங்குலம் அளவில் இருக்கும். அந்தக் கூடுதல் இடம் முழுக்க இல்லாவிட்டாலும் ஓரளவு முழங்காலுக்குக் கிடைக்கிறது. அதனால் வெறும் சட்டை இல்லை. ஆனால் படுக்கையும் இல்லை. கெண்டைக்காலைத் தாங்கும் பலகை சில விமானங்களில் முதல் வரிசைக்கு மட்டும்தான், மற்றவர்களுக்குப் பாதம் வைக்க ஒரு கம்பி. உங்கள் விமானத்தில் எது என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வகுப்பின் பெயரைவிட விமானத்தின் பெயரைப் பாருங்கள். போயிங் 777 எகானமியில் இப்போது பெரும்பாலும் வரிசைக்கு 10 பேர். ஏர்பஸ் ஏ350-இல் பொதுவாக 9 பேர். ஏ350, போயிங் 787 இரண்டிலும் உள்ளே காற்றழுத்தம் சுமார் 6000 அடி உயரத்துக்குச் சமமாக இருக்கும். பழைய விமானங்களில் அது 8000 அடி வரை போகும். அந்த உயரம் கூடினால் அலுப்பும் கூடும், இறங்கும்போது தெரியும்.

பிசினஸிலும் ஏமாறலாம். 2-2-2 அமைப்பு, அதாவது இரண்டிரண்டு இருக்கையாக மூன்று தொகுதி, இடையில் நடைபாதை என்றால் ஜன்னல் பக்கம் இருப்பவர் அடுத்தவர் காலைத் தாண்டித்தான் கழிப்பறைக்குப் போகவேண்டும். 1-2-1 என்றால் எல்லோருக்கும் நடைபாதை. சாய்வாகப் படுக்கும் பழைய இருக்கை என்றால் இரவெல்லாம் சறுக்கிக்கொண்டே இருப்பார். அப்புறம் படுக்கும்போது பாதம் நுழையும் பொந்து. பல விமானங்களில் அது குறுகல். ஒருக்களித்து முழங்காலை மடக்கினால் இடிக்கும். முன் வரிசையில் அது பெரும்பாலும் அகலமாக இருக்கும்.

கவனிப்புக்கு வருகிறேன். 50 இருக்கைக்கு ஒரு க்ரூ என்பது பல நாடுகளின் விதி. அது ஆபத்தில் ஆட்களை வெளியேற்றுவதற்கான கணக்கு, டீ கொடுப்பதற்கான கணக்கு இல்லை. அதற்கு மேல் எந்தக் கேபினில் எத்தனை பேரை நிறுத்துவது என்பது நிறுவனத்தின் விருப்பம். நாங்கள் பிசினஸில் ஒருவர் பத்துப் பன்னிரண்டு பேரைப் பார்ப்போம், முகம் நினைவிருக்கும். எகானமியில் வரிசை எண்தான் நினைவிருக்கும். பிரீமியம் எகானமியில் கேபின் சின்னது, சாப்பாடு சீக்கிரம் வரும். மற்றபடி பெரும்பாலும் எகானமிப் பழக்கம்தான். விமான நிலையத்தில் காத்திருக்கும் லௌஞ்சும் வழக்கமாகக் கிடையாது.

ஒரு பாட்டி ஒன்பது மணி நேரம் தண்ணீர்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தார். நானாகப் போய்க் கேட்டபோது, "இதுக்குக் காசு உண்டா தாயி?" என்றார். ஏறியவுடனே உங்கள் பக்கத்து க்ரூவிடம், "அம்மா கேட்க மாட்டார், நீங்கள்தான் பார்க்கணும்" என்று சொல்லிவைத்துவிடுங்கள். சக்கர நாற்காலியும் இப்போதே பதிவு செய்யுங்கள். படியேற முடியாது என்று தனியாகக் குறிப்பிடாவிட்டால், படி வைத்த விமானத்தின் அடியில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

நான் என்றால் இரவுக்கு பிசினஸ், பகலுக்கு பிரீமியம் எகானமி எடுப்பேன். பகலில் அவர் எப்படியும் எழுந்து நடக்கவேண்டும்.

மூன்றாம்பெட்டி:
அம்மாவுக்கு மட்டும் பிசினஸ் எடுத்தால் மிச்சமாகுமே? நான் அப்படித்தான் செய்தேன். நடுவில் அவரைப் பார்க்கப் போனபோது திரைக்கு இந்தப் பக்கமே என்னை நிறுத்திவிட்டார்கள். காலையில் அம்மா சொன்னது: "படுக்க எந்தப் பட்டன்னு தெரியலடா, உட்கார்ந்தே வந்தேன்." யோசித்துச் செய்யுங்கள்.

ஜன்னலோரம்:
மூன்றாம்பெட்டி, என் அம்மாவும் அச்சு அசல் அப்படித்தான் செய்வார். க்ரூ அக்கா சொன்னபடியே பார்த்தேன்: போகும் விமானத்தில் 1-2-1, வரும்போது ஏ350, பிரீமியம் எகானமி 2-4-2. இரண்டு பேர் உட்காரும் ஓரத்தை எடுத்துவிட்டேன், அம்மாவுக்கு நடைபாதைப் பக்கம். இரவு நடுவில் இருக்கும் இரட்டை இருக்கை, பட்டனை நானே அழுத்திவிடலாம். பெல்லைப் பற்றிச் சொன்னேன். "அவங்களும் பாவம், நடு ராத்திரியில தூங்க வேண்டாமா?" என்கிறார்.