மார்க்கா, நொடியா: பனி விளையாட்டுல நடுவரை நம்பலாமா?

பாலாற்று மணல்
நேரா விஷயத்துக்கு வரேன். நடுவர் மார்க் போட்டு ஜெயிக்க வைக்கிற எதையும் குளிர்கால ஒலிம்பிக்ல பதக்கப் போட்டியா வச்சிருக்கக் கூடாது. 2022 பெய்ஜிங்ல ஆண்கள் ஸ்னோபோர்டு ஹாஃப்பைப் (U வடிவப் பனிப் பள்ளத்துல ஏறித் தாவற போட்டி) இறுதியைப் பாருங்க. ஜப்பானோட அயுமு ஹிரானோ ரெண்டாவது ஓட்டத்துல முதல் தாவலிலேயே ட்ரிபிள் கார்க் 1440 (மூணு தடவை புரண்டு நாலு முழுச் சுற்று) போட்டு, கடைசி வரைக்கும் விழாம முடிச்சார். ஒலிம்பிக்ல அதுக்கு முன்னாடி யாரும் அப்படி முடிச்சதில்ல. மார்க் 91.75. ஆஸ்திரேலியாவோட ஸ்காட்டி ஜேம்ஸ் 92.50 வாங்கி மேலேயே இருந்தார். மூணுல சிறந்த ஓட்டம்தான் கணக்கு. மூணாவது ஓட்டத்துல ஹிரானோ அதே தாவல்களை மறுபடி போட்டார், 96.00 வந்துச்சு. தங்கம் கிடைச்சுது, சரி. ஆனா அந்த நாலேகால் புள்ளி முதல்ல எங்க போச்சு? மூணாவதுல வழுக்கியிருந்தா வெள்ளியோட ஊருக்குப் போயிருப்பார்.

பொங்கல் முடிஞ்சா அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் காளை விடறாங்க. குறைஞ்ச நொடியில எல்லையைத் தாண்டின காளைக்குப் பரிசு, அவ்வளவுதான். ஓட்டம் நளினமா இருக்குன்னு எவனும் மார்க் போடறதில்ல. லூஜ்லயும் (பனிப் பாதையில படுத்துச் சறுக்கற வண்டிப் போட்டி) அதே கதைதான், நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு வரைக்கும் அளக்கிறாங்க. போட்டின்னா அது.

காட்பாடி ஜங்ஷன்
ஹிரானோ விஷயத்துல உங்க கோபம் நியாயம்ணா. ஆனா ஹாஃப்பைப் பண்ண தப்புக்கு ஃபிகர் ஸ்கேட்டிங்கையும் சேர்த்து வெளியே தள்ளாதீங்க. ரெண்டும் ஒரே முறை இல்ல.

ஹாஃப்பைப்ல ஆறு நடுவர். ஒவ்வொருத்தரும் உயரம், கடினம், விதவிதமான தாவல், நேர்த்தி எல்லாத்தையும் மனசுலயே கூட்டி நூத்துக்கு ஒரே ஒரு எண் போடறாங்க. அதிகமானதும் குறைஞ்சதும் போக, மிச்சம் நாலோட சராசரி. பின்னாடி வர்றவங்களுக்கு மேல இடம் விட்டுத்தான் அந்த எண்ணைப் போடணும். அந்த இடைவெளியைத் தப்பாக் கணிச்சா 91.75 வரும். எதுக்கு எவ்வளவு குறைச்சாங்கன்னு நடுவரே நினைச்சாலும் பிரிச்சுக் காட்ட முடியாது.

ஸ்கேட்டிங்ல ஒவ்வொரு தாவலுக்கும் கணக்கு தனி. ட்ரிபிள் ஆக்ஸலுக்கு (மூணரைச் சுற்றுத் தாவல்) அடிப்படை மதிப்பு 8.00. ஒன்பது நடுவரும் மைனஸ் 5லேர்ந்து பிளஸ் 5 வரைக்கும் தர மதிப்பு போடறாங்க. 3, 3, 2, 4, 3, 3, 1, 3, 5 வந்துச்சுன்னு வைங்க. 5ம் 1ம் போயிடும். மிச்சம் ஏழையும் கூட்டினா 21, சராசரி 3. ஒரு படிக்கு அடிப்படை மதிப்புல பத்து சதவீதம், அதனால 2.40 சேர்ந்து 10.40. யாரோ ஒருத்தர் தன் நாட்டு ஆளுக்கு 5 போட்டார்னாலும் அது கணக்குலயே வரல. போட்டி முடிஞ்சதும் மொத்தத் தாளையும் வெளியிடறாங்க, யார் வேணா கூட்டிப் பார்க்கலாம்.

பாலாற்று மணல்
ஒருத்தர் போட்டா வெட்டுப்படும், ஒத்துக்கறேன். ரெண்டு பேர் பேசி வச்சுக்கிட்டா? உங்க கணக்குலயே ஒரு 3ஐ எடுத்துட்டு இன்னொரு 5 வைங்க. ஒரு 5 போகும், இன்னொண்ணு நிக்கும். கூட்டுத்தொகை 23, சராசரி 3.29, அந்தத் தாவலுக்கு 2.63. இருபத்து மூணு காசு கூடிடுச்சு. ஆண்கள் நீண்ட ஆட்டத்துல தாவல், சுழல் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு அம்சம். எல்லாத்துலயும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினா ரெண்டு புள்ளிக்குக் கிட்ட வந்துடும். அதுக்குள்ள தங்கம் கை மாறின போட்டி உண்டு.

பேசி வைக்க மாட்டாங்கன்னு சொல்லாதீங்க. 2002 சால்ட் லேக் சிட்டி ஜோடிப் போட்டியில ரஷ்ய ஜோடி அஞ்சுக்கு நாலுன்னு ஜெயிச்சுது. அப்புறம்தான் பிரெஞ்சு நடுவர் மேல அழுத்தம் இருந்த கதை வெளியே வந்துச்சு. கனடா ஜோடிக்கும் இன்னொரு தங்கம் குடுத்து மூடினாங்க. அந்த அசிங்கத்துக்கு அப்புறம் ஆறுக்கு மார்க் போடற பழைய 6.0 முறையை எடுத்துட்டு நீங்க சொல்ற இந்த முறையைக் கொண்டு வந்தாங்க, 2006 டூரின்லேர்ந்து ஒலிம்பிக்ல இதுதான். ஆனா கூடவே எந்த மார்க்கை எந்த நடுவர் போட்டார்னு தெரியாம மறைச்சாங்க. 2014 சோச்சி பெண்கள் ஸ்கேட்டிங்ல ரஷ்யாவோட சோட்னிகோவா 224.59 வாங்கித் தங்கம், தென் கொரியாவோட யூனா கிம் 219.11, வெள்ளி. தாள் இருந்துச்சு, எந்த வரி யாரோடதுன்னு இல்ல. பேர் தெரியாத தாளை வச்சு இன்னா பண்றது?

கோட்டை அகழி
அந்த மறைப்பு 2016ல போயிடுச்சு தம்பி. இப்ப நடுவர் பேரும் நாடும் மார்க்குக்கு நேரா இருக்கு. சோச்சியில சோட்னிகோவா நீண்ட ஆட்டத்துல ஏழு ட்ரிபிள் போட்டார், யூனா ஆறு. அடிப்படை மதிப்பிலேயே முன்னாடி இருந்தார். யூனாவோட நேர்த்திக்கு இன்னும் குடுத்திருக்கணும்னு நானும் சொல்வேன், ஆனா எல்லாமே திருட்டுன்னு சொன்னா அந்த ஏழாவது தாவலை எங்க வைக்கிறது?

ரெண்டு பேருமே ஒன்பது நடுவரையே பார்த்துட்டு இருக்கீங்க. ஆட்டத்தையே புரட்டிப் போடறது அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற மூணு பேர் தொழில்நுட்பக் குழு. எந்தத் தாவல், சுழற்சி முழுசா வந்துச்சா, எல்லாம் அவங்க முடிவு. குவாட் டோலூப் (நாலு சுற்றுத் தாவல்) 9.50. கால் சுற்றுக்கு மேல, அரைச் சுற்றுக்குள்ள குறைஞ்சா எண்பது சதவீதம்தான், 7.60. அரைச் சுற்று குறைஞ்சா ட்ரிபிள்னே எழுதிடுவாங்க, 4.20. ஒரே கோட்டுல ரெண்டு புள்ளி, அஞ்சு புள்ளி போகுது. உங்க இருபத்து மூணு காசு எங்க, இது எங்க?

இதைப் பார்க்க அவங்களுக்கு இருக்கிறது பெரும்பாலும் ஒரே கேமராதான். பிளேடு பனியில தொடற நொடியில கால் எந்தக் கோணத்துல இருக்குன்னு பார்க்கணும். ஆட்டக்காரர் கேமராவுக்கு நேர் எதிரே இறங்கினா தெரியும். எதிர்ப்பக்கத் தடுப்புகிட்ட, முதுகைக் காட்டிட்டு இறங்கினா கால் சுற்றா, அதுக்கும் கொஞ்சம் கூடவான்னு எப்படிச் சொல்றது? ரிங்க்கைச் சுத்தி இன்னும் நாலு கேமரா வைக்கிறதுக்கு இத்தனை வருஷமா மனசு வரலைங்கிறதுதான் என் ஆத்திரம்.

ஆம்பூர் பேட்டர்ன்
அளந்தா நியாயம் வந்துடும்னு மணல் அண்ணன் சொல்றதுல ஒரு ஓட்டை இருக்கு. 2022லயே ஸ்கீ ஜம்பிங் கலப்பு அணிப் போட்டியில அஞ்சு பெண்களைத் தகுதி நீக்கம் பண்ணாங்க. ஜப்பான், ஆஸ்திரியா, ஜெர்மனியில ஒவ்வொருத்தர், நார்வேயில ரெண்டு பேர். காரணம் நடுவர் மார்க் இல்ல, உடுப்பு அளவு. உடுப்பு தளர்வா இருந்தா காத்து பிடிக்கும், ஆள் கூடுதலா மிதப்பாங்க. அதனால உடம்புக்கும் துணிக்கும் நடுவுல சில சென்டிமீட்டர்தான் இடம். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில பேட்டர்ன் வெட்டறவங்களைக் கேளுங்க: அளக்கும்போது ஆள் எப்படி நிக்கிறாங்க, காலை எவ்வளவு அகட்டறாங்கன்னு பொறுத்தே ஒரு சென்டிமீட்டர் அப்படி இப்படி வரும். அன்னைக்கு அளந்த முறையே வேற மாதிரி இருந்துச்சுன்னு வீராங்கனைகளே சொன்னாங்க. டேப் இருந்தும் சண்டை வந்துச்சு.

காளை விடற இடத்துலயும் அப்படித்தான். நொடி சரியாத்தான் விழும். ஆனா பாதைக்குள்ள ஜனம் புகுந்து வழி குறுகினா அடுத்த காளை தயங்கும், அதோட நொடி கூடும். ஸ்கீ ஜம்பிங்ல அதே வேலையைக் காத்து பண்ணுது. அதுக்குத்தான் காத்துக்குன்னு தனியாப் புள்ளி கூட்டிக் கழிக்கிறாங்க.

பாலாற்று மணல்
பாதையில ஜனம் நின்னா அதைக் கண்ணால பார்க்கலாம், சண்டை போட்டு மறுபடி ஓட விடச் சொல்லலாம். நடுவர் மனசுக்குள்ள நிக்கிற ஜனத்தை எப்படி விலக்குவீங்க? 2014 சோச்சி பெண்கள் டவுன்ஹில்ல (பனிச்சரிவுல ஸ்கீயில வேகமா இறங்கற போட்டி) டீனா மாஸேயும் டொமினிக் கீஸினும் 1:41.57ன்னு ஒரே நேரம், ரெண்டு பேருக்கும் தங்கம். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்துல நொடியில நூத்துல ஒரு பங்குன்னா இருபத்தெட்டு சென்டிமீட்டர். அதுக்குள்ள யார் முன்னாடின்னு கேட்டு ஒருத்தரும் சண்டை போடல. கடிகாரம் பொய் சொல்லாதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

குடியாத்தம் நெசவு
பாதி சண்டை நடுவராலயே வரல, படம் காட்டற விதத்தால வருது. ஸ்கேட்டிங்ல திரையோட மூலையில ஒரு பெட்டி வரும். ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒரு விளக்கு: பச்சைன்னா கூடுது, சிவப்புன்னா குறையுது, மஞ்சள்னா தொழில்நுட்பக் குழு மறுபடி பார்க்கப் போகுது. பக்கத்துல ஓடற கூட்டுத்தொகை தற்காலிகம். ஆட்டம் முடிஞ்சு அவங்க பார்த்து முடிச்சதும் அது இறங்கலாம். வர்ணனையாளர் இதை ஒரு வாக்கியத்துல சொல்லிட்டாப் போதும். சொல்ல மாட்டேங்கிறாங்க, உடனே "மார்க்கைக் குறைச்சுட்டாங்க"ன்னு கூச்சல்.

தலைகீழாவும் நடக்கும். 2022 ஆண்கள் ஸ்னோபோர்டு ஸ்லோப்ஸ்டைல்ல (தடைகளும் தாவு மேடைகளும் உள்ள சரிவுப் போட்டி) கனடாவோட மேக்ஸ் பாரட் 90.96 வாங்கித் தங்கம், சீனாவோட சூ யிமிங் 88.70 வெள்ளி. பாரட் ஒரு தாவல்ல பலகையைப் பிடிக்காம முழங்காலைப் பிடிச்சுட்டார். ரீப்ளேல வீட்டுல உட்கார்ந்தவங்களுக்கெல்லாம் தெரிஞ்சுது. நடுவருக்குக் குடுத்த படத்துல அந்தக் கோணமே இல்ல. ரசிகனுக்கு நடுவரை விட நல்ல படம் போனா அந்தப் போட்டியை யார் நம்புவாங்க?

நம்ம நாட்டுல அதைக்கூடப் பார்க்க வழி குறைவு. அந்த ஒலிம்பிக்ல இந்தியாவுக்குப் போனது ஆரிஃப் கான் ஒருத்தர்தான், ஜயன்ட் ஸ்லாலம்ல (கம்புகளைச் சுத்தி வளைஞ்சு இறங்கற ஸ்கீ போட்டி) 45ஆவது. கல்வான் மோதல்ல இருந்த சீன ராணுவ அதிகாரி கையில ஜோதியைக் குடுத்ததால தொடக்க விழாவையும் நிறைவு விழாவையும் தூர்தர்ஷன் ஒளிபரப்பல. அந்த முடிவு சரி. ஆனா ஆரிஃப் எந்த வளைவுல எவ்வளவு நேரம் விட்டார்னு ஒரு தமிழ்ச் செய்தியாவது எழுதியிருக்கலாம்.

காட்பாடி ஜங்ஷன்
அப்ப ஹாஃப்பைப்புக்கும் ஸ்கேட்டிங் மாதிரி ஒரு தாள் போடச் சொல்லணும்ணா. போட்டியையே தூக்கறதை விட அதுதான் வழி.

கோட்டை அகழி
முழுசா அதே மாதிரி வேணாம்பா. மதிப்புப் பட்டியல் வந்ததும் ஸ்கேட்டிங்ல என்ன ஆச்சுன்னு பார்த்தோமே. எந்த வளைவுக்குப் புள்ளின்னு தெரிஞ்சதும் எல்லாரும் ஒரே மாதிரி காலைத் தலைக்கு மேல இழுத்துச் சுழல ஆரம்பிச்சாங்க. ஸ்னோபோர்டுல ட்ரிபிள் கார்க்குக்கு இத்தனைன்னு எழுதிட்டா எல்லாரும் அதையே போடுவாங்க, சொந்தமா ஒண்ணைக் கண்டுபிடிக்கிறவனுக்கு இடமே இருக்காது.

பாலாற்று மணல்
பட்டியல் வேணாம்க்கா. ஆறு நடுவரும் உயரத்துக்கு ஒண்ணு, கடினத்துக்கு ஒண்ணு, நேர்த்திக்கு ஒண்ணுன்னு மூணு எண்ணாப் பிரிச்சுப் போடட்டும், பேரோட. உயரத்தை நடுவர் போடவே வேணாம், கருவியே அளக்கட்டும். அப்பவும் 91.75 வந்தா, எந்த எண்ணுல, யார் கையால குறைஞ்சுதுன்னு கேட்கலாம். அதுவரைக்கும் நான் நொடி பக்கம்தான்.