"தண்ணி வேணுமா?" என்று கேட்டுத் தண்ணீர் வாங்கும் குழந்தை: எப்படி மாற்றுவது?

குட்டியம்மா_மதுரை (கேள்வி):
பையனுக்கு நாலரை வயது, ஆட்டிசம். தாகமெடுத்தால் என்னிடம் வந்து "தண்ணி வேணுமா?" என்கிறான். "உன் பேர் என்ன?" என்றால் அதையே திருப்பிச் சொல்கிறான். "தண்ணி வேணும்னு சொல்லு" என்று பழக்கினால் "வேணும்னு சொல்லு" என்கிறான். அதட்டி நிறுத்தலாமா? பட அட்டை கொடுத்தால் இருக்கிற பேச்சும் போய்விடும் என்கிறார்களே?

பேச்சுப்பயிற்சி_திருச்சி:
அதட்டவே அதட்டாதீர்கள். இது எக்கோலாலியா, அதாவது கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது. "தண்ணி வேணுமா" என்ற சத்தம் கேட்டால் அடுத்து தம்ளர் வரும் என்று கண்டுவைத்திருக்கிறான், அவ்வளவுதான். கேட்கத் தெரிந்துவிட்டது, மாற வேண்டியது நாம் பேசும் விதம்.

வீட்டில் எல்லோரும் "வேணுமா?" என்பதை நிறுத்துங்கள். அவன் சொம்பைப் பார்த்தவுடன், அவன் வாயிலிருந்து எப்படி வரவேண்டுமோ அப்படியே "தண்ணி வேணும்" என்று சொல்லி இரண்டு வாய் மட்டும் ஊற்றுங்கள். முழுத் தம்ளர் கொடுத்தால் வாய்ப்பு ஒன்றோடு முடிந்துவிடும். அடுத்த முறை, சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு பத்து விநாடி பேசாமல் இருங்கள். பழையபடி "வேணுமா" என்றாலும் தண்ணீர் கொடுங்கள், கொடுக்கும்போது சரியானதைச் சொல்லுங்கள். "சொல்லு", "கண்ணா" எதையும் ஒட்டாதீர்கள். தமிழில் இவை வாக்கியத்தின் வாலில் வருகின்றன; இந்தக் குழந்தைகள் பிடித்துக்கொள்வதும் பெரும்பாலும் வாலைத்தான்.

பெயர் கேட்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மெதுவாகக் கேட்க, பின்னாலிருப்பவர் அவன் திருப்பிச் சொல்வதற்குள் பதிலைச் சற்று உரக்கச் சொல்லிவிட வேண்டும். பிறகு முதல் எழுத்து மட்டும், பிறகு உதட்டசைவு மட்டும் என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒருவரே கேட்டுப் பதிலும் சொன்னால், இரண்டையும் சேர்த்து ஒரே பாட்டாக ஒப்பிப்பான்.

காது பரிசோதனை இன்னும் செய்யவில்லை என்றால் முதலில் அதை முடியுங்கள்.

சிறப்புக்கல்வி_கோவை:
அட்டையால் பேச்சு போகாது. ஆய்வுகளில் பொதுவாக அப்படித் தெரியவில்லை. 1985ல் அமெரிக்காவின் டெலவேரில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் உருவாக்கிய பெக்ஸ் (PECS) முறையை, அதாவது பொருளின் பட அட்டையைக் கொடுத்து அந்தப் பொருளைக் கேட்டு வாங்கும் முறையை, இங்கே பலரும் பாதியாகச் செய்கிறார்கள். முதல் கட்டத்தில் எதிரே ஒருவர் முறுக்கைக் காட்டிக்கொண்டு இருப்பார், வாய் திறக்கமாட்டார். குழந்தை கை நீட்டிய பிறகே பின்னாலிருப்பவர் அட்டையை எடுத்துக் கொடுக்க உதவுவார். அட்டை கைக்கு வந்த நொடியே "முறுக்கு!" என்று சொல்லி முறுக்கைக் கொடுக்க வேண்டும். "என்ன வேணும்?" என்று கேட்டாலோ உள்ளங்கையை முன்கூட்டியே விரித்தாலோ, அதைப் பார்த்தால்தான் அட்டை தருவது என்று பழகிவிடும். அலமாரியில் பூட்டி வைத்து பயிற்சி நேரத்தில் மட்டும் எடுக்கும் அட்டை வீண்.

வாக்கியப் பட்டை (அட்டைகளை வரிசையாக ஒட்டி வாக்கியமாக்கும் பட்டை) வரும் கட்டத்தில், இணையத்தில் கிடைக்கும் ஆங்கில மாதிரியை அப்படியே ஒட்டாதீர்கள். அதில் "வேணும்" முன்னால் வரும். நமக்குப் பொருளின் படம் முதலில், "வேணும்" கடைசியில்.

குட்டியம்மா_மதுரை:
நன்றி. பிடிக்காததை நீட்டினாலும் "வேணுமா" என்றே சொல்லித் தள்ளுகிறானே?

பேச்சுப்பயிற்சி_திருச்சி:
"வேணாம்" தனியாகப் பழக்க வேண்டும். அவனுக்குப் பிடிக்காததை, உதாரணமாகப் பாகற்காயை, நீட்டுங்கள். தள்ளும் கணத்தில் "வேணாம்" என்று அவனுக்காகச் சொல்லி உடனே எடுத்துவிடுங்கள். அப்புறம் "ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சக் கூடாது. சொல்லியும் தட்டு நகரவில்லை என்றால், மறுபடி தள்ளவும் கத்தவும்தான் செய்வான்.